கோத்தகிரி மழைக்கு எந்த எபிசோட்? சிம்ப்சன்ஸின் ஐந்து அதிரடிக் கதைகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோத்தகிரி, குன்னூர் பக்கம் சாயங்காலமே கடைகள் ஷட்டரை இறக்கத் தொடங்கிவிடும். வாசகர் வட்டமோ கல்லூரிப் பிள்ளைகளோ அந்த நேரத்தில் ஒரு ஹாலில் கூடி முழுநீளப் படம் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. படம் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். 22 நிமிடக் கார்ட்டூன் எபிசோட் ஒன்றைப் போட்டு, ஒரு மணி நேரம் பேசி, ஆளுக்கொரு விமர்சனம் எழுதச் சொல்வது சரியாக வரும். 1989 டிசம்பரில் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 'த சிம்ப்சன்ஸ்' அதற்கு நல்ல சுரங்கம். ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் வாழும் அப்பா ஹோமர், அம்மா மார்ஜ், மகன் பார்ட் ஆகியோரின் குடும்பக் கதை அது. தோண்ட வேண்டிய இடம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதிரடி எபிசோடைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. வெறும் வசன நகைச்சுவையை விமர்சிக்கச் சொன்னால், பழக்கமில்லாதவர்கள் "சிரிப்பு வந்தது", "வரவில்லை" என்பதோடு நின்றுவிடுவார்கள். துரத்தல், மோதல், கட்டுப்பாடிழந்த வண்டி என்று ஏதாவது இருந்தால் பிடித்துக்கொள்ளப் பொருள் கிடைக்கிறது. யார் எங்கே நின்றார், ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, தப்பும் வழி முன்பே காட்டப்பட்டதா, எந்த நொடியில் சிரிப்பு வந்தது என்று எல்லாவற்றையும் பேசலாம், ரிமோட்டை நிறுத்தி நிறுத்திச் சரிபார்க்கவும் செய்யலாம்.

போட்டியில் ஐந்து. 'மார்ஜ் வெர்சஸ் த மோனோரயில்' நான்காம் சீசன், 1993 ஜனவரி 14. 'கேப் ஃபியர்' ஐந்தாம் சீசன், அதே ஆண்டு அக்டோபர் 7. 'இட்சி அண்ட் ஸ்க்ராட்சி லேண்ட்' ஆறாம் சீசன், 1994 அக்டோபர் 2. 'யூ ஒன்லி மூவ் ட்வைஸ்' எட்டாம் சீசன், 1996 நவம்பர் 3. '24 மினிட்ஸ்' பதினெட்டாம் சீசன், 2007 மே 20. ஐந்தையும் ஒரே தராசில் வைக்க ஒரு சோதனை போதும்.

சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, அதிரடி வரும் கடைசி ஆறேழு நிமிடத்தை மட்டும் பாருங்கள். யார் எங்கே இருக்கிறார், எது எதை நோக்கிப் போகிறது, நிறுத்துவதற்கு என்ன வழி என்ற மூன்றுக்கும் படத்தைப் பார்த்தே பதில் சொல்ல முடிந்தால் அதிரடி ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது. முடியாவிட்டால், வசனமும் பின்னணி இசையும் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கின்றன என்று பொருள். இதைத் திரைக்கலைப் பயிற்சி என்று மட்டும் நினைக்க வேண்டாம். நம் ஊர் ஹால்கள் பலவற்றுக்குத் தகரக் கூரை. கனமழை விழும்போது முதல் வரிசைக்குப் பின்னால் வசனம் பாதிதான் கேட்கும். நீங்கள் வீட்டில் செய்யாமல் விட்ட சோதனையை மழை ஹாலில் செய்துவிடும்.

மோனோரயில்: இறக்கம் தெரிந்தவர்களுக்கான கதை

அணுக்கழிவைக் கண்ட இடத்தில் கொட்டியதற்காக மின்நிலைய முதலாளி பர்ன்ஸ் கட்டும் 30 லட்சம் டாலர் அபராதம் ஊருக்கு வந்து சேர்கிறது. ஊர்க்கூட்டத்தில் மார்ஜ் எழுந்து, குண்டும் குழியுமான மெயின் ரோட்டைச் சரிசெய்யலாம் என்கிறாள். ஊரும் கிட்டத்தட்ட ஒத்துக்கொள்கிறது. அப்போது லைல் லான்லி என்கிற வெளியூர் ஆசாமி விசிலடித்துக்கொண்டு வந்து, ஒரு பாட்டுப் பாடி, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயிலை விற்றுவிட்டுப் போகிறான். ஹோமர் ஓட்டுநர் ஆகிறான். தொடக்க விழா அன்றே ரயில் கட்டுப்பாடிழந்து வட்டப்பாதையில் சுற்றத் தொடங்குகிறது. கதை கோனன் ஓ'பிரையன் எழுதியது, இயக்கம் ரிச் மூர்.

சத்தமில்லாச் சோதனையில் இது முதல் வகுப்பில் தேறுகிறது. பாதை வட்டம் என்பதால் ரயில் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்ற குழப்பமே இல்லை. வேகம் கூடுகிறது, நிறுத்த வழியில்லை, உள்ளே ஊரே உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் பார்த்த மாத்திரத்தில் புரியும். மின்சாரத்தைத் துண்டிக்கலாமா என்றால் ரயில் ஓடுவது சூரிய சக்தியில். சொல்லிவைத்தாற்போல் சூரிய கிரகணம் வந்து ரயில் நிற்கிறது, எல்லோரும் மூச்சு விடுகிறார்கள், கிரகணம் விலகி ரயில் மறுபடி கிளம்புகிறது. இந்த இடத்தைத் தனியாக எடுத்து இரண்டு முறை போட்டுக் காட்டுங்கள். ஆபத்தைத் தீர்ப்பது போலக் காட்டிப் பிடுங்கிக்கொள்ளும் உத்தி, ஒரு வசனமும் தேவைப்படாமல் நடக்கிறது.

பிரேக் விஷயத்தில் நீலகிரிக்காரர்கள் இதை வேறு யாரையும்விடக் கூர்மையாகப் பார்ப்பார்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது இங்கே லைசென்ஸ் எடுக்கும் முன்பே காதில் விழும் பாடம். மலை ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதையில், தண்டவாளங்களுக்கு நடுவே, என்ஜினின் பல்சக்கரம் கவ்விப் பிடிக்கும் பற்சட்டம் ஓடுகிறது. என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்காரர் நிற்கிறார். ஒன்று விட்டுப்போனால் இன்னொன்று பிடிக்கும் என்ற கணக்கு. ஸ்பிரிங்ஃபீல்டு மோனோரயிலில் அந்த இரண்டாவது பிடிமானம் எதுவுமே கிடையாது. தீயணைப்புக் கருவி இருக்க வேண்டிய பெட்டிக்குள் காட்டு விலங்கு ஒன்று குட்டிகளோடு குடித்தனம் நடத்துகிறது. அது சிரிப்புக்கு வைத்த காட்சி. ஆனால் 'இந்த வண்டியில் எதையும் யாரும் சரிபார்க்கவில்லை' என்ற தகவலும் அதில்தான் போகிறது. ஒரே காட்சி இரண்டு வேலை பார்க்கிறது என்று விமர்சனத்தில் எழுத வேண்டியது இதைப் போன்ற இடங்களைத்தான்.

முடிவும் கவனிக்கத்தக்கது. லான்லி இதற்குமுன் ஏமாற்றிய ஊரிலிருந்து மார்ஜ் கூட்டிவரும் பொறியாளர், நங்கூரம் ஒன்றைத் தேடு என்கிறார். ரயிலின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெரிய ஆங்கில 'எம்' எழுத்தைப் பெயர்த்துக் கயிற்றில் கட்டி வீசுகிறான் ஹோமர். அது ஊரையே உழுதுகொண்டு போய்க் கடைசியில் மாட்டுவது ஒரு ராட்சச டோனட் பொம்மையில். ஹோமரின் வாழ்நாள் பலவீனமே அவனைக் காப்பாற்றுகிறது. அதிரடியின் முடிச்சு பாத்திரத்தின் குணத்திலேயே அவிழ்கிறது, வெளியிலிருந்து வந்த அதிர்ஷ்டமாக நிற்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. அதிரடி வருவது கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான். நடுவில் லான்லியின் பாட்டு முழுக்க வார்த்தை விளையாட்டு, மழைச் சத்தத்தில் கரைந்துவிடும். தொடக்கக் காட்சி 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூனின் பகடி, கௌரவ விருந்தினர் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் நடிகர் லியனார்ட் நிமாய். 'ஸ்டார் ட்ரெக்' பார்க்காதவர்களுக்கு அந்த மனிதர் ஏன் வந்தார், ஏன் காற்றில் மறைந்தார் என்பது புரியாது. திரையிடும் முன் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அதற்குமேல் விளக்கினால் நகைச்சுவை போய்விடும்.

கேப் ஃபியர்: ஒன்பது அடி

காலக்கணக்கைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எபிசோட் இந்த ஐந்தில் இல்லை. பார்ட்டைக் கொல்லச் சபதமெடுத்த சைட்ஷோ பாப் சிறையிலிருந்து வெளியே வருகிறான். சிம்ப்சன் குடும்பம் பெயரை மாற்றிக்கொண்டு டெரர் லேக் என்ற ஊரில் படகு வீட்டுக்குக் குடிபோகிறது. அவர்கள் காருக்கு அடியிலேயே தன்னைக் கட்டிக்கொண்டு பாப் வந்து சேர்கிறான். வழியில் வேகத்தடை, மேலே கொட்டும் சூடான காபி, கள்ளிச்செடிக் காடு. இறங்கி நிமிர்ந்தால் சுற்றிலும் தரையில் கிடக்கும், நீளக் கைப்பிடி போட்ட குப்பை வாரிகள் (ரேக்). ஒன்றை மிதிக்கிறான், கைப்பிடி முகத்தில் அடிக்கிறது. திரும்புகிறான், இன்னொன்று. இப்படி ஒன்பது முறை.

எபிசோடின் நீளம் போதாமல் போனதால் நீட்டப்பட்ட காட்சி அது. நிரப்புவதற்காக இழுத்ததே அந்த எபிசோடில் அதிகம் பேசப்படும் காட்சியாக நின்றுவிட்டது. விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'குப்பை வாரிக் காட்சி அபாரம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அப்படி முடியாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. ஒருவரைத் திரைக்கு முதுகு காட்டி, பார்வையாளர்களைப் பார்த்தபடி உட்கார வைத்து, கையில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் சிரிப்பு கூடியதா, குறைந்ததா, நின்றதா என்று குறிக்கட்டும். வழக்கமாக நடுவில் ஒரு தொய்வு வரும், பிறகு மறுபடி ஏறும். முதல் சில அடிகளுக்குச் சிரிப்பது விழுகிறவனைப் பார்த்து. தொய்வுக்குப் பின் சிரிப்பது, இதை இன்னும் நிறுத்தாமல் இருக்கிறார்களே என்ற துணிச்சலைப் பார்த்து. உங்கள் ஹாலில் வளைவு வேறு மாதிரி வந்தால் இன்னும் நல்லது, எழுதுவதற்குச் சொந்தச் சரக்கு கிடைத்துவிட்டது.

இடத்தை அமைத்திருக்கும் விதமும் நேர்த்தி. பாப் படகின் கயிற்றை அறுத்துவிட, படகு ஆற்றோடு போகிறது. பார்ட் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் முதலைகள், மறுபக்கம் மின்விலாங்குகள். ஸ்பிரிங்ஃபீல்டு 15 மைல் என்ற பலகை கண்ணில் படுகிறது. தப்ப இடமில்லை, ஆனால் கடத்தக்கூடிய தூரம் இருக்கிறது என்று அந்தப் பலகை ஒன்றே பார்வையாளருக்குச் சொல்லிவிடுகிறது. அதன்பிறகுதான் பார்ட் கடைசி ஆசையாக, ஒரு முழு இசைநாடகத்தையும் பாடிக்காட்டும்படி பாப்பைக் கேட்கிறான். பாப்பின் கர்வம் அவனைப் பாட வைக்கிறது. பாட்டு ஓடும் நேரம் படகு ஓடும் தூரமாக மாறுகிறது. ஒரு தாளில் ஆற்றை வரைந்து, பலகையையும் ஊரையும் குறித்து, பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். துரத்தல் காட்சியை அலசும் முறை இந்த ஒரு படத்திலேயே பிடிபட்டுவிடும்.

இது இரண்டு ஹாலிவுட் படங்களின் பகடி என்றாலும், மூலத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் அச்சுறுத்தும் இசையைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிடும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. பத்து வயதுப் பையனைக் கொல்ல ஒருவன் வெட்டுக்கத்தியோடு வருவதுதான் கதை. முடிவில் போலீஸ் அங்கே தயாராக நிற்பதற்குச் சொல்லப்படும் காரணமும் சிறுவர்களை வைத்துக்கொண்டு விளக்கக்கூடியது இல்லை. எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம்.

மற்ற மூன்று

ஐந்தில் கைத்திறன் மிக்கது எது என்று கேட்டால் 'யூ ஒன்லி மூவ் ட்வைஸ்'. ஹோமருக்குப் புது வேலை கிடைக்கிறது. முதலாளி ஹாங்க் ஸ்கார்ப்பியோ அன்பான மனிதர், ஊழியர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவர். உலகத்தை மிரட்டிப் பிடிக்கத் திட்டமிடும் வில்லனும் அவர்தான். ஹோமருக்கு அது கடைசி வரை உறைக்கவே இல்லை. ராணுவம் தளத்துக்குள் புகுந்து சுட, ஸ்கார்ப்பியோ நெருப்பு கக்கும் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஹோமர் அவரை நிறுத்தித் தன் குடும்ப நிலைமையைச் சொல்லி வேலையை விடலாமா என்று கேட்கிறான். கண் ஒரு படத்தைப் பார்க்கிறது, காது வேறொரு படத்தைக் கேட்கிறது. சிரிப்பு இரண்டுக்கும் நடுவில் பிறக்கிறது.

அதனாலேயே ஐப்பசியில் தகரக் கூரைக்குக் கீழே இதைப் போடக்கூடாது. சத்தத்தை அணைத்தால் அது சாதாரண உளவாளிப் படச் சண்டை. ஸ்கார்ப்பியோவுக்குக் குரல் கொடுத்த ஆல்பர்ட் புரூக்ஸ் வசனங்களில் நிறையப் பகுதியை அந்த இடத்திலேயே இட்டுக்கட்டிப் பேசியிருக்கிறார். அவர் வேகமாகப் பேசி, தயங்கி, திருத்திக்கொள்ளும் நடையே பாதி நகைச்சுவை. சப்டைட்டில் போட்டாலும் முழுத் தீர்வு இல்லை. அவர் பேசி முடிக்கும் முன்பே வரி முழுவதும் திரையில் வந்துவிடும், படித்தவர் முந்திச் சிரிப்பார், கேட்டவர் பிந்திச் சிரிப்பார். மாசி, பங்குனியில் வானம் வெளுத்தபிறகு, பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டு அறையில் கூடும்போது இதை எடுங்கள். அப்போது இதற்கு நிகர் இல்லை.

'இட்சி அண்ட் ஸ்க்ராட்சி லேண்ட்' சத்தமில்லாமலும் தெளிவாக ஓடும். பொழுதுபோக்குப் பூங்காவில் பூனை, எலி ரோபோக்கள் மனிதர்களைத் தாக்கத் தொடங்குகின்றன. கேமரா ஃபிளாஷ் பட்டால் அவற்றின் சர்க்யூட் கெட்டுப்போகிறது. ஆயுதம் எது, எதிரி யார் என்பதில் சந்தேகமில்லை. விடலைப் பையன்கள் கைதட்டுவார்கள், ரத்தமும் நிறைய உண்டு. ஆனால் பேச உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். சிம்ப்சன் குடும்பத்தின் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் அந்தச் சண்டை அப்படியேதான் நடந்திருக்கும் என்பதுதான் இதன் பலவீனம்.

'24 மினிட்ஸ்' பற்றி நீட்ட வேண்டியதில்லை. '24' என்ற தொடரின் வடிவத்தை, திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கடிகாரம் ஓடவிட்டு, அதன் நாயகன் கீஃபர் சதர்லாண்டையே குரல் கொடுக்க அழைத்து, பள்ளிக்கூடச் சதி ஒன்றுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். மூலத் தொடரைப் பார்த்தவர்களுக்குக் கொண்டாட்டம். பார்க்காதவர்கள் ஒரே நேரத்தில் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்று திண்டாடுவார்கள். சிறிய திரையில் பின்வரிசைக்கு அந்தக் கட்டங்கள் தெரியவும் தெரியாது.

ஆக, போட்டி மோனோரயிலுக்கும் கேப் ஃபியருக்கும்தான். வயது கலந்த கூட்டம், முதல் திரையிடல், விமர்சனம் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் என்றால் மோனோரயில். ரோட்டைச் சரிசெய்யச் சொன்னவர் தோற்று, பளபளப்பை விற்றவன் ஜெயிக்கும் ஊர்க்கூட்டத்தைப் பற்றிப் பேச நீலகிரியில் யாருக்கும் தூண்டுகோல் வேண்டாம். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை கூடியவர்கள், காட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் பொறுமையுள்ளவர்கள் என்றால் கேப் ஃபியர். இரண்டையும் ஒரே மாலையில் போடும் ஆசை வரும். வேண்டாம், இரண்டாவது எபிசோட் விவாத நேரத்தைத் தின்றுவிடும்.

போடுவதற்கு முன்

ஐந்து எபிசோடுமே பழைய 4:3 வடிவில் எடுக்கப்பட்டவை. இந்தத் தொடர் அகலத் திரைக்கு மாறியது 2009 பிப்ரவரியில்தான். சதுரமான படத்தை 16:9 திரை முழுக்க நிரப்பினால் மேலும் கீழுமாகப் படத்தின் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். வெட்டுப்படுவது வானமும் தரையும். குப்பை வாரிகள் கிடப்பது தரையில். 2019-ல் டிஸ்னி பிளஸ் இப்படி வெட்டி வெளியிட்டு விமர்சனம் எழுந்தபின், 2020 மே மாதத்தில் மூல வடிவத்தையும் தந்தது. உங்கள் கையில் இருக்கும் பதிப்பில் இடமும் வலமும் கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சரி. படம் திரையை நிரப்பி ஹோமர் வழக்கத்தைவிடக் குண்டாக இருந்தால் புரொஜெக்டர் இழுத்து நீட்டுகிறது, அதன் மெனுவில் வடிவத்தை 4:3 என்று மாற்றுங்கள்.

குளிரில் கிடந்த புரொஜெக்டரை ஆட்கள் நிறைந்த ஹாலுக்குள் கொண்டுவந்ததும் போட்டால் லென்ஸில் ஈரம் படிந்து படம் மங்கும். அரை மணி நேரம் முன்பே உள்ளே கொண்டுவந்து வையுங்கள். துணியால் துடைக்க வேண்டாம், தானாக விலகும். கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ், லாம்ப் வகைப் புரொஜெக்டரைச் சில நிமிடம்தான் தாங்கும், 22 நிமிடம் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் கவலையில்லை. லாம்ப் சூடாக இருக்கும்போது திடீரென்று மின்சாரம் நின்றால் விசிறியும் நின்று லாம்பின் ஆயுள் குறையும், ஆகவே எல்இடி வகை கிடைத்தால் அதுவே நல்லது. ஸ்பீக்கரைத் திரைக்கடியில் வைக்காமல், ஹாலின் நடுவில் இரண்டு பக்கச் சுவரோரமும் காது உயரத்தில் வையுங்கள். மழைச் சத்தத்தோடு மல்லுக்கட்ட ஒலியைக் கூட்டுவதைவிடத் தூரத்தைக் குறைப்பது பலன் தரும். ஓடிடி சந்தா வீட்டு உபயோகத்துக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். பொது அறிவிப்பு ஒட்டி ஊரைக் கூட்டுவதென்றால் அனுமதி வேறு.

முதல் முறை குறிப்பெடுக்காமல் பாருங்கள். இரண்டாம் முறை, அதிரடிப் பகுதியை மட்டும், பேனாவோடு. விமர்சனத்துக்கு 500 சொல் போதும். அதில் கதைச்சுருக்கம் 80 சொல்லைத் தாண்டினால் அடித்துவிடுங்கள், படித்துக்காட்டப்போவது அதே ஹாலில் அதே எபிசோடைப் பார்த்தவர்களிடம்தான். எந்தெந்தப் படத்தின் பகடி என்று பட்டியல் போடுவது அடுத்த பொறி, அது அறிவைக் காட்டும், ரசனையைக் காட்டாது. மிச்சமுள்ள 420 சொல்லில் பாதியையாவது ஒரே ஒரு நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். கிரகணமோ குப்பை வாரியோ எதுவானாலும், முதலில் எது திரையில் வந்தது, அடுத்து எது வந்தது, வரிசை மாறியிருந்தால் என்ன கெட்டிருக்கும் என்று எழுதுங்கள்.